மூன்று ஓலையும் மூன்று சொற்பொழிவும்

சேசு மரி சூசை துணை

மாட்டுங்கா, பம்பாய்
6-9-1964

அன்புள்ள தங்கச்சி தெரசுக்கு,

உன் அக்கா லூசி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் சுகமாக இருக்கிறோம். தூத்துக்குடியில் நீயும் உன் கான்வென்ட் பிள்ளைகளும் இதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மழை இன்னும் விடவில்லை. எங்கள் சாலில், இந்த வரிசை வீட்டுக் கட்டடத்தில், கூரை ஒழுகுகிறது. அரிசி டப்பாவைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு நாங்கள் தரையில் படுக்கிறோம். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைக் கொடுக்கிறார்கள். சப்பாத்தியைக் கண்டாலே உன் அத்தானுக்கு முகம் தொங்கிப்போகிறது.

இதெல்லாம் சும்மா எழுதினேன். எழுத வந்தது வேறு. அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி.

அவன் வருகிறான்.

உன் அத்தான் ஹெட் கிளார்க்காக இருக்கிற காலேஜில் தமிழ் மன்றம் இருக்கிறது அல்லவா, வருஷா வருஷம் வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதரை வரவழைத்துப் பேச வைப்பார்கள். இந்த மாதக் கடைசியில் மூன்று நாள், மூன்று சொற்பொழிவு. பேசப்போவது மெட்ராஸ் பேராசிரியர் தனசீலன். தலைப்பு என்ன தெரியுமா? தமிழர் இல்லறம். நோட்டீஸை டைப் அடிக்கக் கொடுத்ததே உன் அத்தான்தான். அந்த மனுஷர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் மூச்சு விடவில்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போது என் கையில் சிக்கியது. தனசீலன் என்று ஆயிரம் பேர் இருப்பார்கள் என்றார். உடன்குடியில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, செம்மணல்விளைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகத் தொண்டாற்றியவர் என்று இதிலேயே போட்டிருக்கிறதே, அப்படி எத்தனை பேர் என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தொண்டாற்றினானாம். நம் ஊரில் அவன் ஆற்றிய தொண்டு உனக்கும் எனக்கும்தானே தெரியும். நம் கோயிலில் ஓலை வாசிப்பது எதற்கு? இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஊரறியக் கேட்பதற்கு. உனக்கும் அவனுக்கும் மூன்று ஓலையும் வாசித்தார்கள். மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் ரயிலேறிவிட்டான். ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லியிருந்தால் ஊர் அவனைத் திட்டிவிட்டுப் போயிருக்கும். சொல்லாததால் ஊருக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் ஓலைக்குப் பிறகு கலியாணம் நின்றால், யாரோ போய்த் தடை சொல்லியிருக்கிறார்கள். தடை என்றால் பெண்ணிடம் ஏதோ குறை. என்ன குறை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தச் சமயம் நான் இங்கே சின்னவனைப் பெற்றுப் படுத்திருந்தேன். வந்து அவர்கள் நாக்கை அறுக்க முடியவில்லை என்ற ஆத்திரம் பன்னிரண்டு வருஷமாக என் வயிற்றில் கிடக்கிறது.

இன்னொன்றும் கேள். ஹோட்டல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளாதாம், நம் பக்கத்துக் கிறிஸ்தவர், உங்கள் வீட்டிலேயே சாப்பாடு போடுங்கள் என்று மன்றத் தலைவர் கோமதிநாயகம் சார் உன் அத்தானிடம் கேட்டிருக்கிறார். உன் அத்தான் மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். நான் உடனே சரி என்றேன். அவர் பயந்துவிட்டார்.

பயப்படட்டும். அவன் என்னைப் பார்த்ததே இல்லை. பம்பாயில் உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருப்பான், அவ்வளவுதான். என்ன செய்யட்டும் சொல். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கேட்கட்டுமா? ஒரு வரி எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா லூசியம்மாள்


மாட்டுங்கா
20-9-1964

அன்புள்ள தெரசுக்கு,

உன் கார்டு கிடைத்தது. ஒரு வரி எழுது என்றால் ஒரே வரிதான் எழுதுவாயா? அந்த மண்டபத்தில் என் பேரை எடுக்காதே அக்கா என்று எழுதியிருக்கிறாய். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

சரி. எடுக்கவில்லை. மாதா மேல் ஆணையாக உன் பேர் என் வாயிலிருந்து அங்கே வராது. ஆனால் சும்மா இருப்பேன் என்று நான் சொல்லவில்லை.

நீ மன்னித்துவிட்டாயோ என்னவோ. கன்னியாஸ்திரிகளோடு இருந்து இருந்து உனக்கு அந்தக் குணம் வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை. அம்மா கடைசி வருஷங்களில் கோயிலில் எங்கே உட்கார்ந்தாள் என்று நினைத்துப் பார்த்தாயா? முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டெடுத்துக் கொடுத்தவள், கடைசியில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் போய் முழங்கால் போட்டாள். அம்மாவின் அடக்கத்துக்கு நீ போய்விட்டு வந்த பிறகு ஊர்ப்பக்கமே கால் வைக்கவில்லை. அவன் மெட்ராஸில் மாமனார் வீட்டு மாடியில் இருந்துகொண்டு இல்லறத்தைப் பற்றிப் புத்தகம் போடுகிறான். இதை நான் எந்தக் கணக்கில் தள்ளுவது?

இங்கே ஏற்பாடெல்லாம் தடபுடலாக நடக்கிறது. கிங்ஸ் சர்க்கிளில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. பேச்சு முடிந்த பிறகு கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் கோமதிநாயகம் சார் மேடையில் வாசிப்பாராம். சீட்டில் பேர் போட வேண்டியதில்லையாம். இதைக் கேட்டதும் என் மனசு குளிர்ந்தது. உன் அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வருகிற ஜனவரியில் சூப்பரின்டென்டென்ட் வேலை காலியாகிறது, அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள் லூசி என்றார். ஞாபகத்தில் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். பொய் இல்லை. ஞாபகத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அவனுக்குச் சோற்றில் எதையாவது கலந்துவிடுவேன் என்று பயப்படாதே. நன்றாகவே சமைக்கப்போகிறேன். நம் சீலா மீனை இங்கே சுர்மை என்பார்கள். மீன்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அரிசி, கீழ்வீட்டு நூர் நிஷா தன் ரேஷனிலிருந்து தருகிறாள். அவன் வயிறு நிறைய நம் ஊர்க் குழம்பைத் தின்னட்டும். யார் வீட்டுச் சோறு என்று தெரிகிறபோது அது அவன் தொண்டையில் நிற்க வேண்டும்.

எனக்காக ஒரு செபமாலை சொல். எதற்கு என்று மாதாவிடம் விவரமாகச் சொல்ல வேண்டாம்.

அக்கா லூசி


மாட்டுங்கா
28-9-1964

அன்புள்ள தெரசுக்கு,

எல்லாம் முடிந்தது. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதை எழுதுகிறேன்.

ஆள் எப்படி இருக்கிறான் என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். முன்நெற்றி ஏறிவிட்டது. வெள்ளைச் சட்டை, தங்கப் பிரேம் கண்ணாடி. குரல் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது, பாவி. வாசலிலேயே செருப்பைக் கழற்றி, தாயே என்று என்னைக் கும்பிட்டான். மூன்று நாளும் சாப்பிட்டான். மீன் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கி, இந்த ருசியைச் சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்றான். எந்த ஊரம்மா உங்களுக்கு என்று கேட்டான். உன் அத்தான் குறுக்கே விழுந்து தன் ஊரைச் சொல்லிப் பேச்சை மாற்றினார்.

முதல் நாள் காதல், இரண்டாம் நாள் கலியாணம், மூன்றாம் நாள் குடும்பம் என்று பிரித்துப் பேசினான். மண்டபம் நிறைந்துவிட்டது. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஜனங்கள் வந்திருந்தார்கள். தமிழன் ஒரு வாக்குக் கொடுத்தால் அது கல்வெட்டு என்று அவன் சொன்னபோது என் பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள். நான் என் சேலை முந்தியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சீட்டு அனுப்பினேன். உன் பேர் இல்லை, நம் ஊர்ப் பேரும் இல்லை. மூன்று ஓலையும் வாசித்த பிறகு மாப்பிள்ளை காரணம் சொல்லாமல் ஓடிப்போனால், ஊர் பெண்ணிடம்தான் குறை காண்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தமிழர் இல்லறத்தில் என்ன நியாயம் உண்டு என்று எழுதியிருந்தேன். கோமதிநாயகம் சார் நிறுத்தி நிறுத்தி வாசித்துவிட்டுச் சீட்டை அவன் முன்னால் வைத்தார். அவன் தண்ணீர்த் தம்ளரை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். அப்புறம் சிரித்தான் தெரசு. இதெல்லாம் படிப்பறிவு குறைந்த கிராமத்து ஜனங்களின் அறியாமை, கல்வி பரவினால் தானாக மாறிவிடும் என்றான். கை தட்டினார்கள். மாலை போட்டார்கள். உன் அத்தான் நன்றி சொன்னார், அவர் கடமை அது. நான் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷம் அவனை அப்படியே விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நேற்று ஞாயிறு. வி.டி. ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில். வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு நானும் போனேன். உன் அத்தான் எந்தப் பெட்டி என்று பார்க்கப் போனார். அவனும் நானும் அவன் டிரங்குப் பெட்டியும் மட்டும். அவனாகவே ஆரம்பித்தான். அந்தச் சீட்டு பெண் கையெழுத்து, நீங்கள் எழுதியதா என்று கேட்டான். ஆமாம், நான் தெரசம்மாளின் அக்கா என்றேன்.

அவன் உன் அத்தான் போன பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மேடைக் குரலெல்லாம் போய், நம் ஊர்ப் பேச்சில் கேட்டான்.

"அவ இப்ப எங்க இருக்கா?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்து வைத்திருந்தது வேறு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அவன் அந்தக் கேள்வியைக் கேட்ட விதம் இருக்கிறதே, ஏதோ நீ எங்கோ பத்திரமாக இருப்பாய், அதைக் கேட்டு நிம்மதியாக ரயிலேறலாம் என்பது போல இருந்தது. அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

"செத்துப் போயிட்டா. அம்மைக்குப் பக்கத்துலதான் அடக்கம்."

டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடியைக் கழற்றினான். போர்ட்டர் வந்து பெட்டியைக் கேட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் அழுததை நான் நின்று பார்த்தேன். திருப்தியாகப் பார்த்தேன். உன் அத்தான் ஓடி வந்து அவனை ஏற்றிவிட்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அத்தானிடம் சொன்னேன். நீ கோபிக்காதே. இனி அவன் எந்த மேடையில் ஏறி இல்லறம் என்று வாயைத் திறந்தாலும் உன் ஞாபகம் வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு இந்த ஒரு வார்த்தை அதிகமில்லை.

அக்கா லூசி


மாட்டுங்கா
18-10-1964

என் உயிருக்குயிரான தெரசுக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. செத்தவர்கள் எழுத மாட்டார்கள்தான். கோபமாக இருந்தாலும் இதைக் கிழிக்காமல் கடைசிவரை படி. அவசரம்.

அவனிடமிருந்து உன் அத்தானுக்கு நேற்றுக் கடிதம் வந்தது. மூன்று நாள் உபசரித்ததற்கு நன்றி என்று ஆரம்பித்திருந்தான். சரி, மரியாதைக் கடிதம் என்று உன் அத்தான் சத்தமாக வாசித்தார். பாதியில் அவர் குரல் நின்றுவிட்டது. நான் பிடுங்கிப் படித்தேன்.

அவன் செம்மணல்விளைச் சாமியாருக்கு எழுதிவிட்டான் தெரசு. கல்லறைத் திருநாளன்று காலையில் உன் ஆன்மாவுக்காகப் பாட்டுப் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறான். வருஷா வருஷம் வைக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறான். நான் என்ன முட்டாள் பார். நாம் செத்தவர்களைச் சும்மா விடுகிற கூட்டமா? பேர் சொல்லிப் பூசை வைப்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம், கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்போம். வேறு ஜாதிக்காரனிடம் சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பான். நம் ஆளிடம் போய்ச் சொன்னேன். அவனும் அன்றைக்கு ஊருக்கு வருகிறானாம். உன் கல்லறை எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறான்.

அது மட்டுமில்லை. பூசைக்கு முன்னால் சபையில் வாசிக்கச் சொல்லி ஒரு அறிக்கையும் சாமியாருக்கு அனுப்பியிருக்கிறான். அதை அப்படியே நமக்கும் எழுதியிருக்கிறான். நானும் அப்படியே உனக்கு எழுதுகிறேன்: "மூன்று ஓலை வாசித்தபின் நான் விலகிப்போனதற்குத் தெரசம்மாளிடம் எள்ளளவும் குறை கிடையாது. மெட்ராஸில் உத்தியோகமும் பணக்காரச் சம்பந்தமும் கிடைத்ததால் நான் ஓடினேன். இந்த ஊர் அவளைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் நானே காரணம்."

படித்தாயா? இன்னொரு தரம் படி.

உன் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடனே சாமியாருக்கும் அவனுக்கும் தந்தி கொடுத்துவிடலாம், உயிரோடிருக்கிறவளுக்குச் செத்தவர் பூசை வைப்பது மகா பாவம் என்றார். நான் தந்தி கொடுக்க விடவில்லை. இன்று காலை தாராவிக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பூசைக்கு முன்னால் உண்மையை எழுதிவிடுவதாக வாக்குக் கொடு, அப்போதுதான் மன்னிப்பு என்றார் அங்குள்ள சாமியார். என்னால் கொடுக்க முடியவில்லை. மன்னிப்பு இல்லாமல் எழுந்து வந்தேன். பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மையை வாங்கப் போகாமல் நான் ஒருத்தி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எப்படித் தாங்கினாளோ.

ஏன் முடியவில்லை என்று உனக்குப் புரிகிறதா? சாமியாரிடம் இப்போதே சொன்னால் பூசை நின்றுவிடும். பூசையோடு அந்த அறிக்கையும் நின்றுவிடும். நீ உயிரோடிருக்கிறாய் என்று தெரிந்தால் அவன் அதை வாசிக்க விடுவானா? செத்தவளிடம் பாவம் சொல்வது சுலபம், அதனால்தான் சொல்லத் துணிந்திருக்கிறான். இருக்கிறவளுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்க மாட்டான்.

புதுச் சாமியார் இந்த ஜூனில்தான் வந்தவராம். உன்னை அவருக்குத் தெரியாது. ஊருக்கு நீ போய் ஆறு வருஷமாகிறது. உனக்குப் பூசை என்றால், தூத்துக்குடியிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் போல என்று நம்புவார்கள், நான்கு பேர் உச்சுக்கொட்டவும் செய்வார்கள். அதனால் கேட்கிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் வரை யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. முந்தின நாளே திருச்செந்தூர் வரை வந்து, கான்வென்டில் தங்கிவிட்டு, விடியற்கால பஸ்ஸில் ஊருக்குப் போ. முக்காட்டை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார். சாமியார் வாசிப்பதைக் கடைசி வார்த்தைவரை கேள். ஊர் கேட்பதையும் கேள். அதன் பிறகு முக்காட்டை எடு.

உனக்கு இது பிடிக்கவில்லை என்றால், நாளைக்கே சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி நிறுத்திவிடு. பொய் சொன்னவள் என் அக்கா என்று என் பேரையும் சொல். நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். ஆனால் உன்னைச் சாகடித்தது நான், உயிர்த்தெழுவது எப்போது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தடவையும் உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் ஒருத்தர் முடிவெடுத்ததாக இருக்கக் கூடாது.

பூசை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். நீயும் போ. அவன் உன் பேரைத் தேடிக்கொண்டு வரிசை வரிசையாக அலைவான். நீ ஒன்றும் பேச வேண்டாம். உனக்கென்று அவன் கொண்டுவந்த மெழுகுவர்த்தியை அவன் கையிலிருந்து வாங்கி அம்மாவுக்கு ஏற்று.

ஆண்டவர் உனக்கு நூறு வயது கொடுப்பாராக. என் ஆயுசிலிருந்து எடுத்தாவது கொடுப்பாராக.

உன்னைச் சாகடித்த பாவி,
அக்கா லூசியம்மாள்